மேலே அளந்த மூங்கில்

வெட்டிய கரும்பு வெயிலில் காத்துக் கிடந்தால் ஒரு வாசனை வரும்... பாதி இனிப்பு, பாதி புளிப்பு. அதனோடு டிராக்டரின் டீசல் புகை. திருத்தணியிலிருந்து திருவாலங்காடு பக்கம் போகும் சாலையில், மூடிய ரயில்வே கேட்டின் முன் நின்ற நண்பர்களுக்கு அது இப்போதும் மூக்கில் இருக்கும்.

(எந்த கேட் என்பதை வேண்டுமென்றே குறிப்பிடவில்லை. தொழில் பழக்கம்.)

நான் அப்போது புதிதாகப் பதிவு செய்த வக்கீல். என் அக்காவின் கணவர் முனிரத்தினம் கரும்பு விவசாயி. வீட்டில் தெலுங்கும் புழங்குவதால் அவர் எங்களுக்குப் பாவா. ஆலை வெட்டச் சொன்ன நாளில் வெட்டி, காய்வதற்குள் கொண்டு சேர்க்க வேண்டும் என்பது அவருடைய கவலை. ரயில்கள் பெருகிவிட்டிருந்தன. ஒன்று போய், இரண்டாவதும் போன பிறகே கேட் திறக்கும். அதற்குள் எடை குறையும்.

அந்த நிலையில்தான் கேட்டை எடுத்துவிட்டுச் சுரங்கப்பாதை அமைக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. ஊராட்சி அலுவலகத்தில் கூட்டம். வரைபடத்தில் பாதையின் உயரத்தைப் பார்த்ததுமே பாவா என் தோளைத் தட்டினார்.

"கரும்பு வண்டி இதுல நுழையாது மச்சான். மனு எழுது."

வந்திருந்த ரயில்வே பொறியாளர் ஒளிவுமறைவு இல்லாதவர். "மேம்பாலம் கேளுங்க, தப்பில்ல. ஆனா அதுக்குப் பாதிப் பணம் எங்களோடது, பாதி மாநிலத்தோடது. ரெண்டு பாதியும் ஒரே வருஷத்துல சேர்றது கஷ்டங்க. சுரங்கப்பாதைன்னா முழுசா எங்க செலவு. வர்ற வருஷமே முடிஞ்சிடும்."

வருமா என்று தெரியாத பாலம்... கண்ணெதிரே இருக்கும் சுரங்கம். இரண்டாவதை ஏற்று, உயரத்தை மட்டும் கூட்டச் சொல்லலாம் என்று நான் முடிவெடுத்தேன்.

ஆதாரம் இல்லாமல் மனு எழுதுபவன் அல்ல நான். வரைபடத்தில் இருந்த உயரத்துக்குச் சரியாக ஒரு மூங்கிலை வெட்டி எடுத்துக்கொண்டு, கேட்டில் நின்ற டிராக்டர்களை வரிசையாக அளந்தேன்.

"இன்னா வக்கீல் சார், கரும்புக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?"

சிரித்தார்கள். அளந்தேன். எல்லாச் சுமையும் மூங்கிலைத் தாண்டியது. வெற்றி என்று நினைத்து வீட்டுக்கு வந்து, மோட்டார் வாகன விதிகளைப் புரட்டினேன்... எல்லாச் சுமையும் சட்டத்தையும் தாண்டியிருந்தது.

"பாவா, இதை எழுதினா மனு இல்ல. உங்க மேல நானே குடுக்கிற கேஸ்."

"அப்போ இத்தினி வருஷமா தப்பாதான் ஏத்திகினு போறனா?"

"ஆங்."

"அதை ஏன் சிரிச்சிகினே சொல்ற?"

சட்டப்படி ஓடக்கூடிய, அந்த உயரத்தில் நுழையாத ஒரு வண்டி வேண்டும். இரண்டு நாள் கழித்து அது தானாகவே கேட்டில் வந்து நின்றது: நெல் அறுக்கும் மிஷின். மூங்கிலை நிறுத்தினேன். மிஷினின் உச்சி மேலே நின்றது. அன்றே மனு தயார். கரும்பு என்ற சொல்லே அதில் கிடையாது.

பொறியாளர் படித்தார். நியாயம் என்றார். "தண்டவாளத்தைத் தூக்க முடியாது. உயரம் வேணும்னா கீழதான் தோண்டணும். சம்மதமா?"

சம்மதம் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். 'கீழே' என்ற சொல்லைக் குறித்துக்கொண்டேன். பக்கத்தில் ஏரி இருப்பதை யோசிக்கவில்லை.

சொன்னபடியே பாதை வந்தது. கேட் போனது. அடுத்த ஐப்பசி மழையில் பாவாவிடமிருந்து போன்.

"மச்சான், அந்த மூங்கிலை எடுத்துகினு வா."

"எதுக்குப் பாவா?"

"மேல அளந்தியே... இப்ப கீழ அளக்கணும்."

போய்ப் பார்த்தேன். சுரங்கப்பாதை குளமாக நின்றது. பாவாவின் கரும்பு கரையில் காத்துக் கிடந்தது. அந்தச் சுமை ஊரைச் சுற்றி, அடுத்த கேட் வழியாக ஆலைக்குப் போனது. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த மனுவின் முதல் வரியை எழுத மூன்று நாள் ஆனது. 'எங்கள் தரப்பு கேட்டதாலேயே ஆழம் கூடியது; நீர்மட்டத்தை நாங்கள் கருதவில்லை.'

பாவா பதறினார். "தப்பை நாமளே ஒத்துக்கினா எவன் செய்வான்?"

"மறைச்சா அவங்க கண்டுபிடிச்சி எழுதுவாங்க. நாம எழுதினா அதுக்கு மேல அவங்க எழுத ஒண்ணும் இருக்காது."

அப்படித்தான் நடந்தது. யார் தவறு என்ற கேள்விக்கு நேரம் செலவாகவில்லை. முதலில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் வந்தது. அதே மனுவின் இரண்டாம் பகுதியில் நான் கேட்டிருந்த மேம்பாலத்துக்கு ஆண்டுக்கொரு நினைவூட்டல் அனுப்பினேன். ஒரு பாதி வரும்போது மறுபாதி வரவில்லை. மறுபாதி வந்தபோது மதிப்பீடு பழசாகிவிட்டது. அணுகுசாலைக்கு நிலம் தேவைப்பட்டபோது முதல் சம்மதக் கடிதம் பாவாவுடையது. எழுதியவன் நான். இந்த முறை ஏரியையும் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

இன்று பாலம் நிற்கிறது. நாடு முழுவதும் சாலையும் தண்டவாளமும் மாறுவது வேகமில்லை என்று வருந்தும் நண்பர்களுக்கு என் அனுபவம் இதுதான்... மெதுவாக வரும். ஆனால் கேட்டுக்கொண்டே இருந்தால் வரும்.

கேட் இருந்த இடத்தில் யாரும் நிற்பதில்லை. அந்த வாசனையும் நிற்பதில்லை, வண்டியோடு போய்விடுகிறது. கீழே சுரங்கப்பாதை வாயிலில் என் மூங்கில், சிவப்புக் கோடுகளோடு நடப்பட்டிருக்கிறது. மழை நாளில் டூவீலர்காரர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறார்கள். நான் அளந்ததிலேயே அதுதான் அதிகம் பயன்பட்டது.

பாலம் திறந்த வாரம் பாவாவின் டிராக்டரில் ஏறி உச்சி வரை போனேன். விதிக்கு உட்பட்ட சுமைதான். நான் பார்த்த பிறகே வண்டி கிளம்பியது.

"இங்க மேல எவ்ளோ உசரம் மச்சான்?"

"மேல ஒண்ணுமில்ல பாவா. வானம்தான்."

அவர் அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எழுதி வாங்கிகினியா?"