நடராஜா சர்வீஸில் வந்த சம்பந்தம்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

அறுபதுகளின் பிற்பகுதியில் எங்கள் வீடு சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருந்தது. தாம்பரம் ரயில் நிலையத்திற்கு நாற்பது நிமிட நடை. பட்டணத்து அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்த நான், அத்தூரத்தை நாள்தோறும் இருமுறை கால்களாலேயே கடந்தேன். அதனை ஒரு போக்குவரத்தாக எவரும் மதித்ததில்லை. சைக்கிள் உள்ளவன் பிழைக்கத் தெரிந்தவன். ஸ்கூட்டர் உள்ளவன் மாப்பிள்ளை. நடப்பவன் வெறுமனே நடப்பவன். எனக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் இக்காரணத்தாலேயே கலைந்தன. கால்நடை என்னும் சொல்லை நம் மொழியே மாடுகளுக்கும் சேர்த்து வழங்கியிருக்கையில், பெண் வீட்டாரைக் குறை கூறுவதற்கில்லை.

மூன்றாவது சம்பந்தம் பாளையங்கோட்டையிலிருந்து வந்தது. பெண் ஆசிரியை, தந்தையும் ஓய்வுபெற்ற ஆசிரியர். வீட்டருகே பஸ் வசதி உண்டா என்பதே அவர் கடிதத்தின் முதற்கேள்வி. பதில் எழுதிய என் தாய்மாமன் வேடிக்கைப் பேச்சில் ஊறியவர். "பஸ்ஸைப் பற்றிக் கவலை வேண்டாம், நடராஜா சர்வீஸ் எந்நேரமும் உண்டு" என்று எழுதி அஞ்சலில் சேர்த்துவிட்டார். நடந்து போவதற்கு எங்கள் பக்கத்தில் வழங்கிய கேலிப் பெயர் அது. ஆசிரியரோ கேலியைப் பாவத்திற்கு அடுத்த படியில் வைத்திருந்தவர். பெயரைப் பார்த்தால் பஸ் முதலாளி நம் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர் அல்லர் போலும், ஆயினும் ஆட்சேபம் இல்லை என்று மறுமொழி வந்தபோதுதான் எனக்கு விஷயமே தெரியும். அதில் அவர் வரும் நாளும் குறிக்கப்பட்டிருந்தது.

அந்தச் சனிக்கிழமை காலை நிலையத்தில் அவரை வரவேற்றேன். குடையை ஊன்றிக்கொண்டு, சாலையில் நின்ற பஸ்களின் பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்தார்.

"தம்பி, நடராஜா சர்வீஸ் எத்தனை மணிக்கு?"

பக்கத்து வெற்றிலைபாக்குக் கடைக்காரர் எனக்காகப் பேசினார்.

"இன்னா சார், அது எப்பவும் ரெடியா கீது. நீ காலை எடுத்து வெச்சா வண்டி கெளம்பிரும்."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆசிரியர் என் செருப்பைப் பார்த்தார். பிறகு தம் செருப்பைப் பார்த்தார். மூன்றாவது சம்பந்தமும் முடிந்ததென்று நான் அடுத்த தென்பக்க ரயிலை மனத்துக்குள் தேடலானேன். அவரோ குடையை விரித்து, "வழியைக் காட்டுங்கள்" என்றார்.

வழியில்தான் வினை வந்தது. தையற்காரரான பாய் இயந்திரத்தை நிறுத்தி, அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்டார். கீரைக்கார அக்கா, தன் மகனுக்கு நான் எழுதிக் கொடுத்த மனுவிற்குப் பதில் வந்ததைச் சொன்னாள். மூன்றாமவர், நான் வாங்கிப் போன புத்தகத்தைத் திருப்பித் தராததற்கு நடுத்தெருவிலேயே என்னைக் கடிந்தார். ஆசிரியர் ஒவ்வொருவர் முன்பும் நின்று, என் குணநலன்களைத் தாமும் இரண்டிரண்டு கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டார். நாற்பது நிமிட வழி ஒன்றரை மணி நேரமாயிற்று.

எங்கள் வாசலில் குடையை மடக்கியவாறு அவர் சொன்னது இதுவே: "உங்கள் மாமா பொய்யர். சர்வீஸ் நல்ல சர்வீஸ். பஸ்ஸில் வந்திருந்தால் இவ்வளவு விசாரித்திருக்க முடியாது."

அவ்வாண்டே திருமணம் நடந்தது. எழுபதுகளின் இறுதியில், கௌரவத்தை முன்னிட்டு ஒரு ஸ்கூட்டர் வாங்கினேன். அலுவலகத்தில் என் மதிப்பு உயர்ந்தது. என் மனைவி ஒருமுறை பின்னால் அமர்ந்து கடைத்தெரு வரை வந்தாள். "உங்க முதுகைப் பார்க்கவா இவ்வளவு செலவு?" என்று கேட்டு இறங்கியவள், மீண்டும் ஏறவில்லை. அவளோடு பேச வேண்டியிருந்தபடியால் நானும் நடந்தேன். வண்டி உறை போர்த்தி நின்றது.

மாமனார் பத்திரப்படுத்தித் தந்த மாமாவின் அக்கடிதம் எங்கள் திருமணச் சான்றிதழோடு இருக்கிறது. தங்களுக்கு எழுதும் இக்கடிதத்தின் பிரதி ஒன்றையும் அத்துடன் சேர்த்து வைக்கிறேன்.