காலி செய்த வீட்டின் ஈரம்

சூளகிரியில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டைக் காலி செய்யப்போகிறோம் என்று சொன்னபோது, வீட்டுக்கார அம்மா வருத்தப்படுவார் என்று நினைத்திருந்தேன். என் கணவருக்கு ஓசூரில் வேறு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மா கேட்டார், "எப்போ போறீங்க? எந்தக் கிழமை?"

"ஞாயித்துக்கிழமை சாமான் ஏத்திருவோம். மறுநாள் நான் வந்து சுத்தம் பண்ணிட்டுச் சாவியக் குடுத்துர்றேன்மா."

"திங்கக்கிழமையா," என்று ஒருமுறை தனக்குள் சொல்லிக்கொண்டார். விசேஷத்துக்கு நாள் குறித்துக்கொள்வது போல இருந்தது.

சுற்றிலும் அவர்களுடைய தக்காளித் தோட்டம். நடுவில் வீடு. கீழே அவர்கள், மேலே நாங்கள். அவருடைய கணவர் முந்தைய மழைக்காலத்தில் மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளைகள் பெங்களூரில். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். என்னிடம் தமிழில் பேசுவார்.

திங்கட்கிழமை பஸ்ஸில் தனியாக வந்தேன். அவர் காய் பறிக்கிற ஆட்களோடு தோட்டத்தில் நின்றிருந்தார். "நீ வேலையப் பாரும்மா, வர்றேன்," என்றார். சுவரில் அடித்த ஆணிகளைப் பிடுங்கி, ஓட்டைகளை வெள்ளை சிமெண்டால் அடைத்தேன். அடுப்பு மேடையில் எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்து எடுத்தேன். கடைசியாகத் தரை. கூடத்திலிருந்து கழுவிக்கொண்டே போனேன். படுக்கையறையில் பாதி முடிவதற்குள் குழாயில் காற்றுதான் வந்தது. தொட்டி காலி. மோட்டார் சுவிட்ச் கீழ் வீட்டுக்குள் இருந்தது, அதுவும் பூட்டியிருந்தது. கட்டில் கிடந்த மூலை மட்டும் தூசியும் நூலாம்படையுமாக நின்றுவிட்டது. கழுவிய இடம் காய்ந்ததும் கதவைப் பூட்டிக்கொண்டு, தண்ணீர் கேட்கக் கீழே இறங்கினேன்.

கடைசிப் படியில் செருப்பை மாட்டும்போது மேலே சத்தம் கேட்டது. தென்னங்குச்சித் துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளுகிற சத்தம். என்னிடம் இருந்தது ஒரு மாப்பு மட்டும்.

நல்ல வெயில். தோட்டத்தில் ஆட்கள் சிரித்துப் பேசுகிறார்கள். நெடுஞ்சாலையில் லாரி போகிறது. மேலே அந்தச் சத்தம் நிதானமாக உள்ளறையிலிருந்து கூடத்துக்கு வந்தது. சுவரோடு இறங்கும் குழாயிலிருந்து அழுக்குத் தண்ணீர் வாசலில் கொட்டியது. பிறகு, துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்துத் தரையில் குத்திக் குச்சிகளைச் சரிசெய்வார்களே, அந்தத் தட்டல். அதோடு நின்றுவிட்டது.

தோட்டத்துக்கு ஓடினேன். "அம்மா, மேல யாரோ தரை கழுவுறாங்க. நான் பூட்டிட்டுத்தான் வந்தேன்."

கூடையை அப்படியே போட்டுவிட்டு எனக்கு முன்னால் நடந்தார். முட்டி வலியென்று மாடிப் பக்கமே வராதவர், கைப்பிடியைத் தொடாமல் ஏறினார். பூட்டு பூட்டினபடி இருந்தது. என்னிடமிருந்து சாவியை வாங்கி அவரே திறந்தார்.

உள்ளே யாரும் இல்லை. தரை முழுக்க ஈரம். நான் விட்டுவைத்த மூலை பளிச்சென்று இருந்தது. குழாயைத் திருகிப் பார்த்தேன். ஒரு சொட்டுகூட வரவில்லை.

"மூலையிலேர்ந்து ஆரம்பிச்சிருக்காரு," என்றார் அந்த அம்மா.

"யாரும்மா?"

"யாரு காலி பண்ணாலும் எங்க வீட்டுக்காரருதான் கழுவுவாரு. ஆளு வெச்சுக்கலாம்னா கேக்க மாட்டாரு. புதுசா வர்றவங்க இன்னொருத்தர் அழுக்குல கால் வெக்கக் கூடாதும்பாரு."

ஜன்னலைத் திறக்கப் போனேன். சட்டென்று என் கையைப் பிடித்தார்.

"தொறக்காத. காஞ்சிரும்."

செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத்தில் மெதுவாக நடந்தார். "கீழ இத்தன நாளா ஒரு சத்தம் இல்லம்மா. ஒரு கனவுகூட இல்ல. மேல காலியானா வருவாருன்னு எனக்குத் தெரியும். அதுக்குன்னு நல்லா இருக்கிற புள்ளைங்கள நானா போங்கன்னு சொல்ல முடியுமா?"

துடைப்பச் சத்தத்தைவிட இதுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது. எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர் அவர். அதே சமயம், தலைக்கு மேல் எங்கள் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, அது எப்போது நிற்கும் என்று காத்திருந்திருக்கிறார்.

பூட்டில் தொங்கிய சாவிகளை எடுத்து நீட்டினேன். அவர் திரும்பவில்லை.

"அந்த மேடை மேல வெச்சிட்டுப் போம்மா. கதவச் சாத்திரு."

சாத்திவிட்டு இறங்கினேன். உள்ளே அவர் தெலுங்கில் பேசத் தொடங்கியது கேட்டது. அழுகிற குரல் இல்லை. வரவு, விதை, மழை என்று வீட்டில் பேசுகிற குரல்தான். கொஞ்சம் பேசுவார், நிறுத்துவார், மறுபடி பேசுவார். நிறுத்திய நேரத்தில் வேறு குரல் கேட்கிறதா என்று பார்க்க நான் நிற்கவில்லை.

என் கணவரிடம் சொன்னேன். "தொட்டியில மிச்சம் இருந்திருக்கும், விடு," என்றார். நானும் விட்டுவிட்டேன்.

போன மாதம் கிருஷ்ணகிரி பஸ்ஸில் போகும்போது அந்த வீடு தெரிந்தது. மாடிக்குக் குடித்தனம் வந்திருக்கிறது. கொடியில் கைக்குழந்தையின் துணிகள் காய்ந்தன. கீழே அந்த அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து, மாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.