விறகுக்குப் பின்னால் ஒளித்த அரிவாள்மணை

என் அடுக்களையில் ஒரு பழைய அரிவாள்மணை இருக்கிறது. பலாப்பலகை. அதன் ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். அது எப்படிப் பெயர்ந்தது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். குடும்ப விஷயத்தை ஊருக்குச் சொல்லலாமா என்று இரண்டு முறை தாளை மடித்து வைத்தும்விட்டேன். என் கணவரின் அண்ணன் மனைவி, என் ஓரகத்தி, இப்படி மடித்து வைத்திருக்க மாட்டார். அவருக்கு எழுதத் தெரியாது. ஆனால் சொல்லத் தெரியும்.

யுத்தம் நடந்த வருஷங்களில் ஒரு மாசி மாதம். இலுப்பூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் என் புகுந்த வீடு. பேறுகாலம் முடிந்து, ஐந்து மாதப் பெண் குழந்தையோடு புதுக்கோட்டையிலிருந்து திரும்பியிருந்தேன். எட்டாம் வகுப்புவரை படித்த மருமகள் என்று மாமியாருக்கு வெளியே பெருமை, உள்ளே கொஞ்சம் சந்தேகம். எனக்கோ எல்லாவற்றிலும் சந்தேகம். பால் போதுமா, தலை நிற்கிறதா, மூச்சு வருகிறதா என்று குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன். தூக்கம் என்பதே இல்லை.

ஒரு நாள் காலையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். குழந்தை பக்கத்துப் பாயில் காலை உதைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தேன், அரிவாள்மணையைப் பார்த்தேன். இரண்டையும் சேர்த்து ஒரு நினைப்பு வந்தது. அதை எழுத இன்றைக்கும் கை கூசுகிறது. நான் வேண்டி வந்த நினைப்பல்ல, விரட்டினாலும் போகவில்லை. என் கையே எனக்கு வேற்றாள் கை போலத் தெரிந்தது. ஒரு வாரம் பல்லைக் கடித்துப் பார்த்தேன். பிறகு, யாரும் இல்லாத சமயத்தில் அந்த அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு ஓடி, கொல்லையில் அடுக்கியிருந்த விறகுக்குப் பின்னால் போட்டேன். கல்லில் பட்டுப் பலகையின் சில்லு பெயர்ந்தது அப்போதுதான்.

அது புளி உலுக்கும் காலம் என்பது எனக்கு நினைவில்லாமல் போயிற்று. எங்கள் பக்கத்தில் புளியை அரிவாள்மணையில் கீறித்தான் கொட்டை எடுப்பார்கள். தாழ்வாரத்தில் மூன்று மூட்டைப் புளி வந்து இறங்கிவிட்டது, அரிவாள்மணையைக் காணோம். மாமியார் வீட்டைத் தலைகீழாக்கினார். "அருவாமணைக்குக் காலா மொளைச்சுச்சு? இங்கிட்டு வச்ச சாமான் அங்கிட்டு மறையுது. இவளும் கண்ணு பஞ்சடைஞ்சு பித்துப் பிடிச்சவ மாதிரி ஒக்காந்திருக்கா. வெள்ளிக்கெழம கோடாங்கிய வரச் சொல்லிர வேண்டியதுதான்" என்றார்.

 கோடாங்கி வந்து உடுக்கை அடித்து, இவள்மேல் ஏதோ இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என்னைப் பிறந்த வீட்டுக்கு வண்டியேற்றிவிடுவார்கள். குழந்தையை என் மடியில் தர மாட்டார்கள். தராமலிருப்பதுதான் சரியோ என்றும் எனக்குத் தோன்றியது. அதுதான் பெரிய வேதனை.

வியாழக்கிழமை மத்தியானம் அக்கா, அப்படித்தான் என் ஓரகத்தியைக் கூப்பிடுவேன், விறகு எடுக்கப் போனவர் அரிவாள்மணையோடு வந்தார்.  தாழ்வாரத்தில் போட்டு அதன்மேல் உட்கார்ந்து புளியைக் கீறத் தொடங்கினார். கீறிய புளியை என் பக்கம் தள்ளி, "நாரை எடு தங்கச்சி" என்றார். நான் நாரை இழுத்துப் போட்டேன். பிறகு, தலை நிமிராமலே, "எனக்கு வந்துச்சு" என்றார்.

"என்னக்கா?"

"மூத்தவன் கைப்பிள்ளையா இருக்கையில. எனக்குக் கெணறு. தண்ணி எறைக்கப் போனாப் போதும், பிள்ளைய உள்ளுக்குப் போட்டுருவமோன்னு கொல நடுங்கும். ஒனக்கு அருவாமணையா?"

இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்பதுபோல அவர் கேட்டதில் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தவள் அப்படியே அழுதேன். அவர் தடுக்கவில்லை. அழுது முடித்ததும், "போடணும்னு நெனைக்கிறவளுக்குப் பயம் வராது தங்கச்சி. நீ அருவாமணைய ஒளிச்சவ, பிள்ளைய ஒளிக்கல" என்றார்.

"அத்தைகிட்டச் சொல்லிராதீங்க அக்கா."

"ஒன் கதைய நான் சொல்ல மாட்டேன். என் கதைய நான் சொல்லலாமுல்ல?"

வெள்ளிக்கிழமை காலையில் மாமியாரும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரும் புளியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அரிவாள்மணை தானாக வந்ததைப் பற்றித்தான் பேச்சு. அப்போது அக்கா, வேலையை நிறுத்தாமல், பதினோரு வருஷம் என்னைத் தவிர யாருக்கும் சொல்லாத தன் கிணற்றுக் கதையைச் சொன்னார். குரல் உயரவில்லை, தாழவும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணொருத்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். பிள்ளையைக் கிணற்றில் போட நினைத்தவள் என்று ஊர் நாளைக்கே பேசும். அது தெரிந்தே எனக்காகச் சொன்னார். அவரைத் தனியே நிற்க விடலாமா என்று நான் யோசித்தேன். என் வாழ்வில் யோசித்து உடனே முடிவெடுத்த ஒரே சமயம் அதுதான்.

"நான்தான் அத்தை ஒளிச்சு வச்சேன். எனக்கும் அந்தப் பயந்தான்" என்றேன்.

மாமியார் கையிலிருந்த புளியைக் கீழே வைத்தார். "நாலு நாளா முழுக் கத்தரிக்காயத் திங்க வச்சிட்டியேடி" என்றார். அப்புறம் புளிக் குவியலில் ஒரு பங்கைத் தன் முன்னால் இழுத்துக்கொண்டார். "கோடாங்கிக்குச் சொல்லி விட்டுட்டேனே?"

"வரட்டும் அத்தை. புளிக்கொழம்பு வச்சுச் சோறு போட்டு அனுப்புவோம்" என்றார் அக்கா.

கோடாங்கி சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். மறுநாள் நான் காய் நறுக்கும்போது மாமியார் குழந்தையைத் தூக்கினார். நான் நறுக்குவதை நிறுத்தினேன். அவர் தூக்கிக்கொண்டு போகவில்லை. என் எதிரிலேயே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அக்கா தினமும் சாயங்காலம், கோழி எத்தனை முட்டை இட்டது என்று கேட்பது போல, "இன்னைக்கு எத்தனை தடவை வந்துச்சு?" என்று கேட்பார். ஏழு என்பேன், நாலு என்பேன். அக்காவே என்னைப் புதுக்கோட்டை டாக்டரம்மாவிடமும் அழைத்துப் போனார். தூங்க விடுங்கள், பேச விடுங்கள் என்று டாக்டரம்மா சொன்னபோது, அதைத்தானே நாங்கள் செய்கிறோம் என்பதுபோல அக்கா என்னைப் பார்த்தார். ஆடி மாதத்தில் ஒரு நாள் அக்கா கேட்க மறந்தார், நானும் சொல்ல மறந்தேன்.

வீடு பிரிந்தபோது அக்கா குடும்பம் கோட்டைப்பட்டினத்துக்குக் கடை வைக்கப் போனது. சாமான் பிரிக்கையில் அரிவாள்மணையை எடுத்து என் கையில் கொடுத்தார். "இது ஒங்கிட்ட இருக்கட்டும்" என்றார். எனக்குக் கிடைத்த நற்சான்றுப் பத்திரங்களில் அதுதான் பெரியது.

புதுக்கோட்டை சமஸ்தானம் போய் நாங்கள் திருச்சி ஜில்லாக்காரர்களாகிவிட்டோம். மாசி மட்டும் மாறாமல் வந்திருக்கிறது, புளியோடு. பேறுகாலத்துக்கு வந்திருக்கும் என் கணவரின் தங்கை, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று நாளாக, அரிவாள்மணை கிடக்கும் தாழ்வாரத்துக்கு வராமல் நிலைப்படியிலேயே நிற்கிறாள். வெறும் அசதியாக இருக்குமோ, நானாக எதையாவது கிளறிவிடுவேனோ என்று மூன்று நாளும் தயங்கினேன். இன்று காலை, சில்லு பெயர்ந்த பலகையில் உட்கார்ந்து, கீறிய புளியை அவள் பக்கமாகத் தள்ளினேன். எங்கள் மாமியார், அவளுடைய அம்மா, எதிரில் வந்து உட்கார்ந்து குழந்தைக்காக மடியை விரித்தார்.

நான் தலை நிமிரவில்லை.

"எனக்கு வந்துச்சு" என்றேன்.