புள்ளக்காம்பராவில் ஒரு நிறுவை

நாங்க டயகம பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுல இருந்தப்ப, கொழும்புல இருந்து ஒரு சுகாதார ஆராய்ச்சி நிலையத்து ஆளுங்க தராசோட வந்தாங்க. "நாளைக்குப் புள்ளைகளை நிறுக்கப் போறாங்க, புள்ளக்காம்பராவுக்குத் தூக்கிட்டு வாங்க"ன்னு, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல கணக்கப்புள்ள சொன்னார். நாங்க கொழுந்து பறிக்க மலைக்குப் போனா புள்ளைகளை விட்டுட்டுப் போற எடம் அது. எதுக்கு நிறுக்கிறாங்கன்னு அவரும் சொல்லல, நாங்களும் கேக்கல.

தராசுன்னா எங்களுக்குத் தெரிஞ்சது கொழுந்துத் தராசுதான். நிறை கொறைஞ்சா அரைப்பேர், அன்னைக்குப் பாதிக் கூலி. போதாததுக்குக் கங்காணி வாயில வேற விழணும். புள்ளைக்கும் அரைப்பேர் போட்டுட்டாங்கன்னா? என் மக ரெண்டு வயசாகியும் நடக்காம, எலும்பும் தோலுமாக் கெடந்தவ. புள்ளக்காம்பராவுல தெனம் குடுக்கிற ஒரு கோப்பைப் பால்தான் அவ உசுரைப் புடிச்சு வச்சிருந்துச்சு. அதுல கை வைக்க விடுவேனா? விடியக்காலையிலயே வயிறு முட்டக் கஞ்சி ஊட்டினேன். கம்பளிச் சட்டைக்கு மேல கம்பளிச் சட்டை போட்டேன். எங்கம்மா சீராக் குடுத்த வெள்ளித் தண்டையையும் மாட்டிவிட்டேன்.

போய்ப் பாத்தா லயமே அப்படித்தான் வந்து நிக்குது. பக்கத்து வீட்டுக்காரி தன் காப்பையெல்லாம் கழட்டிப் புள்ளை இடுப்புல முடிஞ்சிருந்தா. சட்டையக் கழட்டச் சொன்ன நர்சம்மாகிட்ட, "இந்தப் பனியில சளி கட்டிரும்"னு எல்லாரும் சேந்து சண்டைக்குப் போனோம். பாவம், அவங்களும் விட்டுட்டாங்க. நிறை நல்லாவே காட்டுச்சு. எனக்கு ஒரே பெருமை.

மழைக்காலம் கழிஞ்சு ஒரு நாள் பெரட்டுல சொன்னாங்க. ஆராய்ச்சி புஸ்தகம் வந்திருச்சாம். இந்தப் பக்கத்துத் தோட்டப் புள்ளைக நல்ல நிறையா இருக்காம். அதனால இனிமே பால் கெடையாதாம்.

ஒருத்தியும் ஒருத்தி மொகத்தைப் பாக்கல. மலைக்குப் போகாம, மகளைத் தூக்கிக்கிட்டுத் தோட்டத்து டாக்டரையாகிட்ட ஓடினேன். ஒட்டுத்துணி இல்லாம அவளைத் தராசுல வச்சு, "இப்பப் பாருங்கய்யா"ன்னேன். அவர் முள்ளைப் பாத்தார், என்னையப் பாத்தார். "புஸ்தகம் கவுருமெண்டு வரைக்கும் போயிருச்சும்மா. நான் சொன்னா யாரு கேப்பா?"ன்னார். அவ்வளவு படிச்சவங்க, எதுக்கு நிறுக்கிறோம்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? இன்னைக்கு நெனச்சாலும் வயிறு எரியுது.

பால்மா வாங்கத் தண்டையை எடுத்துக்கிட்டு அக்கரப்பத்தனை அடகுக்கடைக்குப் போனேன். மக என் இடுப்புலதான் இருந்தா. கடைக்காரர் தண்டையைத் தராசுல போட்டுப் பாத்துட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நிறை பத்தாதேம்மா"ன்னார்.