வேகமும் தூரமும், பின் சீட்டில் நானும்

வண்டி விற்கிறவனுக்கு நாக்கு நன்றாக இருக்க வேண்டும் என்பார்கள். தர்மபுரியில் நான் வேலை பார்க்கும் ஷோரூமில் இடுப்பு நன்றாக இருந்தால் போதும். மோட்டார் சைக்கிள் வாங்க வருகிறவர் ஓட்டிப் பார்க்கும்போது அவருக்குப் பின்னால் உட்கார்ந்து போய்த் திரும்புவதுதான் என் உத்தியோகம். யாருடைய வண்டியிலாவது பின் சீட்டில் போய், இறங்கியதும் நேராக நிற்க முடியாமல் சுவரைப் பிடித்திருந்தால், நீங்களும் என் கட்சிதான்.

பெண் வீடு

முன்பெல்லாம் சாவியைக் கொடுத்துவிட்டு வாசலில் நின்றுகொள்வோம். பாலக்கோட்டுக்காரர் ஒருவர் அதைக் கெடுத்தார். மேம்பாலம் வரை போய்வருகிறேன் என்று காலையில் கிளம்பியவர் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் திரும்பினார். ஹெட்லைட்டின் மேல் சந்தனமும் குங்குமமும் இருந்தன. காரிமங்கலத்தில் தனக்கு நிச்சயமான பெண்ணின் வீட்டுக்குப் போய், புது வண்டி என்று காட்டி, விருந்தும் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். மேனேஜர் கோபத்தை விழுங்கிக்கொண்டு, அப்படியானால் பில் போடலாமா என்று கேட்டார். வந்தவர் சீட்டை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"பொண்ணு வூட்டுக்காரங்களுக்கு ரொம்பப் புடிச்சிருச்சுங்க. எனக்குத்தான் கால் எட்டல."

கொக்கி

அன்றிலிருந்து எந்த வண்டியும் நான் பின்னால் இல்லாமல் வெளியே போவதில்லை. போகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: வேகமாகவும் போக வேண்டும், வெகுதூரமும் போக வேண்டும். வேகத்துக்கென்று செய்த வண்டியில் ஓட்டுகிறவர் டேங்க்கின் மேல் கவிழ்ந்து கிடப்பார். தூரத்துக்கென்று செய்ததில் நிமிர்ந்து உட்காரலாம், ஆனால் அது பார்க்க எருமைபோல இருப்பதாகச் சொல்லுவார்கள். இந்த வருஷம் ஆடி முடிந்ததும், இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தது என்று ஒரு வண்டி வந்தது. முன்னால் உட்காருபவருக்கு இரண்டும் சேர்ந்திருந்தது உண்மை. பின்னால் உட்காருபவருக்கு உள்ளங்கை அகலத்தில், தூக்கலாக ஒரு சீட்டு. அந்த வண்டி ஒன்றுகூடப் போணியாகவில்லை. முதல் வண்டி விற்ற அன்றே என்னைப் பின் சீட்டிலிருந்து இறக்கி இன்சூரன்ஸ் மேசைக்கு அனுப்புவதாக மேனேஜர் சொன்னார். அந்த மேசைக்கு முதுகு சாய்க்கிற நாற்காலி உண்டு.

ஓசூர் கம்பெனியில் வேலை செய்கிற ஒருவர் அந்த வண்டிக்காக வந்தார். லடாக் போகப் போகிறாராம். டேங்க் கொள்ளளவு, பக்கவாட்டில் பெட்டி மாட்டும் வசதி, பனியில் ஸ்டார்ட் ஆகுமா என்பது வரை விசாரித்தார். மேனேஜர் இமயமலையைப் பற்றித் தனக்குத் தெரியாத எல்லாவற்றையும் சொன்னார். நான் நாற்காலியைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் வண்டியைச் சுற்றி வந்து டேங்க்குக்குக் கீழே குனிந்து எதையோ தேடினார்.

"லடாக்கெல்லாம் வருஷத்துக்கு ஒரு வாட்டிங்க. தெனமும் காய்கறி வாங்கியாரணும், கட்டைப்பை மாட்ட இதுல கொக்கி வருங்களா?"

சாய்வு

அடுத்தவர் வீடியோ பார்த்தே வண்டியை முழுதாகக் கற்றவர். வளைவில் எப்படிச் சாய்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார், வத்தல்மலைக்குப் போனோம். அடிவாரத்தில் நிறுத்தி, கையுறை மாட்டிக்கொண்டு, தான் சாயும்போது நானும் சாய வேண்டும் என்று பாடம் எடுத்தார். முதல் வளைவில் இடது முழங்காலை வெளியே நீட்டினார். வண்டி போன வேகத்துக்கு அந்த முழங்காலில் துணி காயப்போட்டிருக்கலாம். நான் சொன்னபடி சாய்ந்தேன். எதிரில் நாலு ஆடுகள் வந்தன. அவர் காலை ஊன்றி நின்றுவிட்டார். ஆடுகள் எங்களைச் சுற்றிக்கொண்டு, அவசரமில்லாமல், இறங்கிப் போயின. அவர் ஹெல்மெட்டைக் கழற்றி என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க பின்னால இருக்கறதாலதாங்க வண்டி சாயவே மாட்டேங்குது."

அட்டைச் சாவி

எங்கள் ஊரில் டெலிவரி நாளன்று மட்டும் மனைவியை அழைத்து வருவார்கள். மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், பிறகு இரண்டு பேரும் ஆளுயரத்துக்கு ஓர் அட்டைச் சாவியைப் பிடித்துக்கொண்டு போட்டோ. அதன்பின் அந்தப் பெண் பின் சீட்டில் முதல் முறையாக ஏறுவார். பல மாதம் யோசித்து, நண்பர்களைக் கேட்டு, வீடியோ பார்த்து வாங்கிய வண்டியில், தினமும் அங்கே உட்காரப் போகிறவரை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கைப்பிடி எங்கே என்று கை தேடும். கைப்பிடி இருக்காது. அதற்குள் வண்டி கேட்டைத் தாண்டியிருக்கும்.

வீட்டுக்காரம்மாவையும் டெஸ்ட் ரைடுக்குக் கூட்டிவரச் சொல்லலாமே என்று ஒருநாள் மேனேஜரிடம் கேட்டேன். பொதுநலம் ஒன்றுமில்லை. அவர்கள் உட்கார்ந்தால் நான் உட்கார வேண்டியதில்லை. அவர் டீயை வைத்துவிட்டு என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"வாங்கறதுக்கு முன்னாடி அவங்கள ஒக்கார வெச்சா, நாம ஷட்டர எறக்கிட்டு வூட்டுக்குப் போவ வேண்டியதுதாம்பா."

கேட்டவர்

பொம்மிடி பக்கத்துக் கணக்கு வாத்தியார் ஆரோக்கியசாமி ஏற்கெனவே இரண்டு முறை வந்து, போணியாகாத அந்த வண்டியை, என்னைப் பின்னால் வைத்து, ஓட்டிப் பார்த்திருந்தார். வருஷாவருஷம் பஸ்ஸில் போகிற வேளாங்கண்ணிக்கு இனி இந்த வண்டியில் மனைவியோடு போவது என்று முடிவு செய்திருந்தார். மூன்றாம் முறை மனைவி செலினும் கூட வந்தார். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறவர். தினமும் கணவரின் பழைய வண்டியில் பின்னால் உட்கார்ந்துதான் போய்வருகிறார். மேனேஜர் வேகத்தைப் பற்றிச் சொன்னார், வாத்தியார் மைலேஜைப் பற்றிச் சொன்னார். செலின் இரண்டு பேரையும் விட்டுவிட்டு என்னிடம் திரும்பினார். பின் சீட்டில் உட்கார்ந்து போகிறவன் நான்தானே, அது எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் அதை என்னிடம் கேட்ட முதல் ஆள். நன்றாக இருக்கிறது என்று சொன்னால் நாற்காலி. மேனேஜர் செலினின் தோளுக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்திலிருக்கிற கடத்தூர் வரைக்கும் தாங்கும், வேளாங்கண்ணிக்கு மாதாவைத்தான் வேண்டிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டேன். நேர்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்போது இடுப்பில் ஒரு பிடிப்பு இருந்தது, அது பேசியது. செலின் என் கையிலிருந்த ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டு கணவருக்குப் பின்னால் ஏறினார். நாற்காலியை யாரோ வெளியே தூக்கிக்கொண்டு போவதுபோல் இருந்தது.

திரும்பி வந்ததும் செலின் இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். ஏன் அப்படி நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். வாத்தியார் முகத்தில் இருபது வயது குறைந்திருந்தது. அதையும் செலின் பார்த்தார்.

"இவரு இதுலயே போவட்டுங்க. நான் பஸ்ல முன்னாடியே போயி ரூம் போட்டு வெக்கறேன். எனக்கு ஒரு ஸ்கூட்டர் காட்டுங்க, வேலைக்கு நானே போயிக்கறேன்."

நாற்காலி

ஆக, ஒன்று விற்க வேண்டிய இடத்தில் இரண்டு விற்றது. மேனேஜர் வாத்தியாருக்குக் குளிர்பானம் வரவழைத்தார். நான் இன்சூரன்ஸ் மேசைப் பக்கம் போய், நாற்காலியில் உட்காராமல், அதன் முதுகை மட்டும் பின்னால் தள்ளிப் பார்த்தேன். நன்றாகச் சாய்ந்தது. சொன்ன சொல்லை மேனேஜருக்கு நினைவூட்டினேன். அவர் என் தோளில் கை போட்டார். அதற்கு முன் அவர் அப்படிச் செய்ததில்லை.

"நீ பின்னால ஒக்காந்து பாத்துச் சொன்னதாலதாம்பா ரெண்டு வண்டி போச்சு, ஒன்னயப் போயி எறக்குவனா? பில் போடறதுக்கு முன்னாடி மேடம் ஸ்கூட்டர ஒரு வாட்டி ஓட்டிப் பாக்கணுங்கறாங்க, ஹெல்மெட்ட எடு."

வேகமும் வேண்டும் தூரமும் வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே வண்டியில் கிடைக்கும், பின்னால் உட்காருவது வேறொருவராக இருக்கும்வரை.