செல்வியிடம் யாரும் கேட்காத கேள்வி

மும்பையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் டேட்டா பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். சிகிச்சைக்கு வந்துபோகிறவர்களுக்கு போன் செய்து, எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டு கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். எந்த மருந்து யாருக்குக் கேட்டது என்று டாக்டர்கள் ஆராய்வது அதை வைத்துத்தான். மாட்டுங்காவில் வளர்ந்த தமிழ்ப் பெண் என்பதால், தமிழர்கள் நிறைந்த தாராவி நம்பர்கள் என்னிடம் வரும்.

செல்வி அங்கே தோல் பை தைக்கும் பட்டறையில் இருந்தாள். குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆகி, நோய் திரும்பாமலிருக்க மாத்திரையில் இருந்தாள். எப்போது கூப்பிட்டாலும் கணவர் முருகன்தான் எடுப்பார். "நல்லாருக்கா மேடம்" என்பார். மருந்தகத்தில் தவறாமல் மாத்திரை வாங்கியதும் பதிவாகியிருந்தது.

ஒருநாள் அவளே போனை எடுத்தாள். மாத்திரை ஒத்துக்கொள்கிறதா என்று பேச்சுவாக்கில் கேட்டேன்.

"எங்கக்கா? வாங்கி அலமாரில வச்சிருக்கேன். அதத் தின்னா உள்ளங்கை வெடிச்சுத் தோலு உரியுது. ஊசியப் புடிக்க முடியல."

"டாக்டர்கிட்ட சொல்லலையாம்மா?"

"ஏசுவாவல்லா? அவிய கேக்கவும் இல்ல."

டாக்டரிடம் ஓடினேன். "முன்னாடியே சொல்லியிருந்தா டோஸைக் குறைச்சிருப்பேனே! உடனே வரச் சொல்லுங்கோ" என்று பதறினார். செல்வி வந்தாள். ஸ்கேனில், நோய் கல்லீரலுக்குப் பரவியிருந்தது.

அதே மாத்திரையில் இருக்கும் எல்லோரிடமும் உள்ளங்கை எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொன்னார் டாக்டர். வீட்டு வேலை செய்பவர்கள், இஸ்திரி போடுபவர், தோசை மாஸ்டர் என்று பலர் சொல்லாமலே நிறுத்தியிருந்தார்கள். எங்கள் கம்ப்யூட்டரில் மட்டும் அவர்கள் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களையும் சேர்த்துத்தான், மருந்து பலன் தரவில்லை என்று எழுதி வைத்திருந்தோம்.

அதன்பின் நர்ஸ்கள் முதலில் கையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். டோஸைக் குறைத்ததும் பலர் மாத்திரையைத் தொடர்ந்தார்கள். செல்வி மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டாள்.

முருகனுக்கு போன் செய்தபோது, ஆறுதலாக இருக்கட்டும் என்று, "செல்வி சொன்னதால இப்ப எல்லார்கிட்டயும் கேக்கறோம்" என்றேன்.

"அவகிட்ட அப்பவே யாரும் கேக்கலியே மேடம்" என்றார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களே, நலமா என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். எல்லோரும் நலம் என்றுதான் சொல்வார்கள். மாத்திரையால் எந்த வேலை செய்ய முடியாமல் போயிற்று என்று கேளுங்கள். இதைக் கற்றுக்கொள்ள எங்களுக்கு ஒரு உயிர் போக வேண்டியிருந்தது.