ஃபாதர் கொடுத்த பிரசாதம்

வருடத்தின் கடைசி வாரத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் படிப்பு ஞாபகம் இருக்காது. ஆசிரியைகள் ரிப்போர்ட் கார்டு எழுதுகிற மும்முரத்தில் எங்களைக் கண்டுகொள்ள மாட்டார்கள். நாங்கள் மணல்தாளை வைத்து மேசையில் இருக்கும் மைக்கறையைத் தேய்ப்போம். தேய்த்த கையோடு ஆட்டோகிராப் புத்தகத்தை நீட்டி, அடுத்த வீட்டில் குடியிருப்பவளிடம்கூட 'என்னை மறந்துவிடாதே' என்று எழுதி வாங்கிக்கொள்வோம். வகுப்பு விருந்துக்கு ஒருத்தி பீஹூன் சேமியா பிரட்டிக்கொண்டு வருவாள், ஒருத்தி கறிபஃப் கொண்டு வருவாள். எங்களில் பாதிப் பேர் முறுக்கைத்தான் கொண்டுபோவோம்.

அது கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளி. நாங்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸிலிருந்து நடக்கிற தூரம்தான். நான் முதலாம் படிவம், பதிமூன்று வயது. கடைசி நாளன்று கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மட்டும் பள்ளிச் சிற்றாலயத்தில் நன்றிப் பூசை உண்டு. மற்றவர்களுக்கு மணல்தாள் உண்டு. ஆனால் அந்த வருடம் பாடகர் குழுவில் ஆள் பற்றவில்லை. பாட்டு டீச்சர் வகுப்பு வகுப்பாக வந்து குரல் தேடினார். எனக்கு இனிமை கிடையாது, சத்தம் உண்டு. அதுவே போதும் என்று என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

இங்கே என் தம்பியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நாலு வயது முடிந்தும் அவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. 'ஆம்பளப் புள்ளைங்க லேட்டாத்தான் பேசும்' என்று குவாட்டர்ஸ் முழுக்க ஆறுதல் சொன்னது. அம்மா ஆறுதலை வாங்கிக்கொண்டாளே தவிர நம்பவில்லை. வசம்பை உரசி நாக்கில் தடவினாள். பத்துமலை முருகன் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு ஏறினாள். மஸ்ஜித் இந்தியா தெருவில் துணிக்கடை வைத்திருந்த ஒரு பாயிடம் ஓதிய தண்ணீர் வாங்கி வந்து குடிக்க வைத்தாள். எந்தச் சாமி எந்த மூலையில் எதைக் கொடுத்தாலும் அது நேராகத் தம்பியின் வாய்க்குப் போகும். வீட்டில் யார் எந்தக் கோயிலுக்குப் போனாலும் பிரசாதத்தை அங்கேயே தின்றுவிடாமல் கொண்டுவர வேண்டும் என்பது எங்களுக்குச் சட்டம். அந்தச் சட்டத்தை நான் ஒரு நாளும் மீறியதில்லை.

பூசையன்று பாடகர் குழுவுக்கு முன்வரிசை கொடுத்திருந்தார்கள். பாடினோம், முட்டி போட்டோம், எழுந்தோம். எதற்கு என்று தெரியாமலே எல்லாவற்றையும் செய்தேன். ஒரு கட்டத்தில் எங்கள் வரிசையே எழுந்து ஃபாதரை நோக்கி நகர்ந்தது. நானும் நகர்ந்தேன். பாட்டு டீச்சர் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்ததால் என்னைப் பார்க்கவில்லை. கோயிலில் தட்டு வரும்போது உட்கார்ந்தே இருப்பது எவ்வளவு மரியாதைக்கேடு என்று எனக்குத் தெரியாதா என்ன? சிலர் நாக்கை நீட்டினார்கள், சிலர் கையை ஏந்தினார்கள். நான் முறைப்படி வலது கையை மேலே வைத்து இடது கையைக் கீழே கொடுத்து ஏந்தினேன். ஃபாதர் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லி வெள்ளையாக, வட்டமாக, அப்பளத்தைவிட மெல்லிசாக ஒன்றை வைத்தார். 'தேங்க் யூ, ஃபாதர்' என்றேன். அவர் முகம் லேசாகச் சுருங்கியது. அதற்குள் பின்னால் இருந்தவள் இடித்ததால் நகர்ந்துவிட்டேன். அதைக் கண்ணில் ஒற்றி, கைக்குட்டையில் மடித்துப் பாவாடைப் பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போகிற வழியில் என் தோழி ஃபிலோமினாவிடம் பெருமையாகக் கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினேன். அவள் பேயறைந்தவள் மாதிரி நின்றுவிட்டாள்.

"நீ முழுங்கலியா?"

"எதுக்கு முழுங்கணும்? தம்பிக்குக் கொண்டு போறேன்."

"அலாமா! அது ஜீசஸ் லா!"

"தெரியும். அதான் கொண்டு போறேன்" என்றேன்.

அவள் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பி ஓடினாள். தனக்குத் தம்பி இல்லாததால் பொறாமைப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஃபாதர் கையாலயே குடுத்தாரா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். கை கால் கழுவிவிட்டு வந்து முந்தானையில் வாங்கிக்கொண்டாள். தம்பி அப்போது சோறு தின்றுகொண்டிருந்தான். எச்சில் வாயில் கொடுக்கக் கூடாது, விளக்கு வைத்ததும் கொடுக்கலாம் என்று சொல்லி, சாமி மாடத்தில் முருகன் படத்துக்கு முன்னால், சின்னத் தட்டில், திருநீற்றுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு செம்பருத்தியும் வைத்தாள். எனக்கு அன்று மத்தியானம் இரண்டு முட்டை கிடைத்தது.

விளக்கு வைப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் தலைமையாசிரியை சிஸ்டர் வாசலில் வந்து நின்றார். பின்னால் ஃபிலோமினா அழுத கண்ணோடு நின்றாள். பள்ளியில் நாங்கள் தமிழில் முணுமுணுத்தால்கூடக் கண்ணாலேயே வாயை அடைத்துவிடுவார் சிஸ்டர். நாங்கள் அவர் வாயிலிருந்து ஆங்கிலத்தைத் தவிர வேறெதையும் கேட்டதில்லை. அவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "நல்லா இருக்கீங்களாம்மா? பயப்படாதீங்க" என்றார். கிள்ளான் ரப்பர் தோட்டத்தில் இருக்கும் என் அத்தைமார் பேசுகிற அதே தமிழ். நான் பேந்தப் பேந்த முழித்தேன்.

"உக்காருங்க சிஸ்டர், தேத்தண்ணி கலக்கறேன்" என்று அம்மா பரபரத்தாள்.

சிஸ்டர் உட்காரவில்லை. உங்கள் பாப்பா தெரியாமல் கொண்டுவந்துவிட்டாள், அதைத் திரும்ப வாங்கிப் போக வந்திருக்கிறேன் என்றார். அம்மாவுக்கு விளங்கவில்லை. எனக்கும்தான்.

"நாங்க கீழ மேல போடல சிஸ்டர். சுத்தபத்தமாத்தான் வெச்சிருக்கேன், பாருங்க."

"அது தெரியுதும்மா. ஆனா இது பிரசாதம் மாதிரி இல்ல. எங்களுக்கு இது அவரேதான்."

"அதுக்குத்தான் சிஸ்டர்" என்றாள் அம்மா. "அவரே வந்து எம் புள்ளயப் பேச வைக்கட்டும். சாமி குடுத்தத எப்படித் திருப்பிக் குடுக்கறது?"

கணக்குப் பாடத்தில் என்னை நிற்க வைத்துக் கேள்விமேல் கேள்வி கேட்கிறவர், எங்கள் வீட்டுக் கூடத்தில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே நின்றார். பார்க்கப் பாவமாக இருந்தது. அம்மாவையும் பார்க்கப் பாவமாக இருந்தது. நான் யார் கட்சி என்றே எனக்குத் தெரியவில்லை.

"கிட்டப் போய்க் கும்பிட்டுக்கிறேம்மா" என்று சிஸ்டர் மாடத்தின் பக்கம் போனார். குனிந்தபோது முக்காட்டின் நுனி மாட்டி, பக்கத்தில் இருந்த பித்தளைத் தாம்பாளம் சிமெண்டுத் தரையில் விழுந்தது. அந்தச் சத்தத்தில் நான் துள்ளினேன். ஃபிலோமினா வீறிட்டாள். அடுத்த வீட்டு அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "என்ன உடைஞ்சிச்சு?" என்று கத்தினாள்.

தம்பி எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தீப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அவன் அடுக்கிக்கொண்டே இருந்தான்.

சிஸ்டர் அவனையே பார்த்தார். மெதுவாக அவன் பின்னால் போய்க் கையைத் தட்டினார். இன்னொரு முறை, காதருகில், பலமாகத் தட்டினார்.

"வெளையாட்டு மும்முரத்துல இருக்கான் சிஸ்டர்" என்று அம்மா அவசரமாகச் சொன்னாள். சிஸ்டர் ஒன்றும் கேட்டிருக்கவேயில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. அவ்வளவு நேரம் பிடிவாதமாக நின்ற அம்மா, தானே போய் அந்தச் சின்னத் தட்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். சிஸ்டர் எங்கள் முருகன் படத்துக்கு முன்னால் முட்டி போட்டு அதை வாயில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடி வெகுநேரம் அப்படியே இருந்தார். எழுந்ததும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுதார்கள். தட்டில் ஒட்டியிருந்த துகளுக்காகத்தான் அழுகிறார்கள் என்று நினைத்து, துடைக்கத் துணி எடுத்து வந்தேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

மறு வருடம் சிஸ்டரே கூட வந்து தம்பியைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பிறவியிலேயே காது கேட்கவில்லை, அதனால்தான் பேச்சு வரவில்லை என்று அங்கே சொன்னார்கள். நான் சாமியைப் பையில் போட்டுக்கொண்டு வந்ததால்தான் இந்தத் தண்டனை என்று பல நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் அந்த 'வெளையாட்டு மும்முரம்' என்கிற சாக்கு முன்னமே தயாராக இருந்தது என்பதெல்லாம் எனக்கு எப்போது உறைத்தது என்று சொன்னால் வெட்கக்கேடு. நானே ஒரு பிள்ளையைப் பெற்ற பிறகுதான்.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்று சாயங்காலத்தை. சிஸ்டர் போனபின் அம்மா விளக்கு வைத்தாள். வைத்துவிட்டு, தம்பிக்குப் பின்னால் சுவரோரம் போய் நின்றாள்.

"ராசா" என்றாள். பிறகு கொஞ்சம் சத்தமாக, "ராசா." பிறகு இன்னும் சத்தமாக. அப்படி அவள் பின்னாலிருந்து கூப்பிட்டு நான் பார்த்ததேயில்லை. எப்போதும் முன்னால் வந்து, முகத்தைப் பிடித்துத்தான் கொஞ்சுவாள்.

கண்ணாமூச்சி விளையாட்டு என்று நினைத்தேன். எனக்கும் சிரிப்பு வந்தது. தம்பிக்கு எதிரே போய் உட்கார்ந்து, உனக்குப் பின்னால் பார் என்று விரலைக் காட்டினேன். அவன் திரும்பி அம்மாவைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தான்.

"பாத்தியாம்மா, திரும்பிட்டான்!" என்று நான் கைதட்டிக் குதித்தேன்.

அம்மா அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.